மேசைமேல் ஒரு போர்க்கப்பல்



பெரியதொன்றைச் சிறிதாகச் செய்து காட்டுவது வெறும் கைவேலைதானா? இலக்கியத்துக்கும் அதற்கும் ஏதேனும் உறவுண்டா? இலண்டனில் வசிக்கும் என் மருமகன் 'வோர்ஸ்பைற்' என்ற பிரித்தானியப் போர்க்கப்பலின் மாதிரியைச் செய்தபோது, சில வாரங்கள் அருகிருந்து பார்த்தேன். அப்போது எழுந்த சிந்தனையே இன்றைய பேச்சு.

வோர்ஸ்பைற் 1913ஆம் ஆண்டு டெவன்போட்டில் நீரில் இறக்கப்பட்டது. நீளம் ஏறத்தாழ 196 மீற்றர். எட்டுப் பெரும் பீரங்கிகள். ஒவ்வொன்றின் வாயும் 15 அங்குலம். 350இல் ஒரு பங்காகக் குறுக்கினால் கப்பல் 56 சென்ரிமீற்றர். பீரங்கியின் வாய் ஒரு மில்லிமீற்றருக்குச் சற்று மேல். ஆறடி மனிதனின் உயரம் ஐந்து மில்லிமீற்றர். கப்பலின் உடல் பிளாஸ்ரிக்கில் வார்க்கப்பட்டுப் பெட்டியில் வந்துவிடும். தளத்தின் ஓரக் கம்பிவேலி, ஏணி முதலியவை அமிலத்தால் அரித்தெடுத்த மெல்லிய பித்தளைத் தகட்டில் வரும். அவற்றை வெட்டி, இடுக்கியால் வளைத்து, ஊசிமுனைப் பசையால் ஒட்ட வேண்டும். கொடிமரக் கம்பிகளுக்குத் தலைமயிரளவு நூல்.

இவையெல்லாம் பொறுமை இருந்தால் கைகூடும். கடினமானது வேறு. முதல் நாளே அவன் கேட்டான்:

"மாமா, எந்த வருசத்துக் கப்பலைச் செய்வம்?"

"ஒரு கப்பல்தானே, தம்பி?" என்றேன். சிரித்துக்கொண்டு படங்களைப் பரப்பினான்.

1916இல் ஜட்லன்ட் கடற்போரில் அதற்குப் புகைபோக்கிகள் இரண்டு. பின்னர் அவை ஒன்றாயின. 1934 முதல் 1937 வரை நடந்த திருத்த வேலையில் மேற்கட்டடமே மாறியது. 1942இல் அட்மிரல் சொமர்வில்லின் தலைமைக் கப்பலாக நமது இந்து சமுத்திரத்துக்கு வந்தபோது இன்னொரு தோற்றம். ஒரு காலத்தின் புகைபோக்கியையும் மற்றொரு காலத்தின் கோபுரத்தையும் சேர்த்துவிட்டால், எக்கடலிலும் மிதந்திராத கப்பலே மேசையில் நிற்கும்.

தமிழ் படித்தவனுக்கு இது புதிதன்று. 1887இல் கலித்தொகையைப் பதிப்பித்த சி. வை. தாமோதரம்பிள்ளை அவர்கள் ஏடுகளை ஒப்பிட்டுப் பாடம் தேர்ந்தது நினைவுக்கு வந்தது. இனிமையாக இருக்கிறது என்பதற்காக ஒரு பாடத்தைக் கொள்ள முடியாது. மாதிரி செய்பவனுக்கும் அழகு சாட்சியாகாது. வரைபடமும் புகைப்படமுமே சாட்சி.

மருமகன் தேர்ந்தது 1944 ஜூன் 6, நோர்மண்டிக் கரையில் படைகள் இறங்கிய நாள். முன்புறக் கூண்டுகள் இரண்டையும் பின்புறக் கூண்டு ஒன்றையும் கரையை நோக்கித் திருப்பினான். பின்புறத்தில் உயர்ந்து நிற்கும் மற்றக் கூண்டை மட்டும் திருப்பாமல் விட்டான். காரணம் கேட்டேன். 1943 செப்ரெம்பர் 16இல் இத்தாலியின் சலேர்னோவுக்கு அப்பால் ஜேர்மனியரின் வானொலியால் இயக்கப்படும் குண்டு கப்பலைத் துளைத்தது; மாலுமிகள் மாண்டனர். அந்தச் சேதம் முழுமையாகத் திருத்தப்படவேயில்லை. நோர்மண்டியில் சுட்டவை ஆறு பீரங்கிகள். அந்தக் கூண்டின் இரண்டும் மௌனமாயிருந்தன.

ஷெல் சத்தம் கேட்டு வளர்ந்த நாட்டிலிருந்து போனவன் நான். கொலைக் கருவியொன்றை இத்தனை அழகாகச் செய்வதா என்ற உறுத்தல் எனக்கு இருந்தது. மேசைமேலிருக்கும் கப்பலில் புகையில்லை, ஓலமில்லை. இந்தக் கலையின் ஆபத்து அதுதான். போரைப் பாடும் இலக்கியத்தின் ஆபத்தும் அதுவே. ஆனால் திரும்பாத அந்தக் கூண்டைக் கண்டபின் உறுத்தல் சற்றுத் தணிந்தது. எட்டையும் கரைநோக்கித் திருப்பியிருந்தால் பார்வைக்கு எடுப்பாக இருந்திருக்கும், இறந்தவர்கள் மறைந்திருப்பார்கள்.

அசல் கப்பல் இன்றில்லை. 1947இல் உடைப்பதற்காக இழுத்துச் செல்லும் வழியில் கோர்ண்வோல் கரையில் தரைதட்டி, அங்கேயே துண்டு துண்டானது. எஞ்சியவை படங்களும் பதிவுகளும், அவற்றுக்கு உண்மையாயிருக்க முயலும் இத்தகைய கைகளுமே. எழுதுகின்ற கைகளுக்கும் அந்தக் கடமை உண்டு.