அத்தையின் வேகத்தில் ஒரு தெரு

என் அத்தைக்கு வயது 78. வீடு புதுச்சேரி உப்பளத்தில். மாதம் ஒருமுறை பிரஷர் மாத்திரை வாங்கப் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போவார். டெம்போவில் ஏறினால் முட்டி வலிக்கும் என்பதால் நடைதான். போன மாதம் நானும் துணைக்குப் போனேன்.

சிரமம் வாசலிலேயே தொடங்கிவிட்டது. நான் சிறுவனாக இருந்தபோது தெருவிலிருந்து அந்த வீட்டுக்கு மூன்று படி ஏற வேண்டும். பழைய தாரைச் சுரண்டாமல் அதன் மேலேயே புதுத் தார் போட்டுப் போட்டு இன்று தெரு உயர்ந்து, வாசல் பள்ளமாகிவிட்டது. பெயரிலேயே உப்பளம் இருக்கிற தாழ்ந்த பூமி இது. மழைத் தண்ணீர் உள்ளே வரக் கூடாதென்று வாசலுக்குக் குறுக்கே முழங்கால் உயரத்துக்குச் சுவர் எழுப்பியிருக்கிறார்கள். அதைத் தாண்ட அத்தை நிலையைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு காலாகத் தூக்கி வைக்கிறார்.

அடுத்தது வாய்க்கால் மூடி. "மூணாவது கல்லு ஆடும், இந்தப் பக்கமா வா" என்று என் கையைப் பிடித்து இழுத்தார். எந்தக் கல் ஆடும், எங்கே தண்ணீர் தேங்கி வழுக்கும், எந்த முனையில் வண்டி திடீரென்று திரும்பும், காலை ஒன்பது மணிக்கு நிழல் எந்தப் பக்கம் விழும் என்பதெல்லாம் அவருக்கு மனப்பாடம். தெருவுக்கு வரைபடம் போடுகிற எந்தப் பொறியாளரிடமும் இந்தக் கணக்கு கிடையாது. அத்தை போன்றவர்களிடம் போய்க் கேட்டால்தான் கிடைக்கும்.

வழியில் நான்கு இடங்களில் உட்கார்ந்தோம். மூன்று இடங்கள் பூட்டிய கடைகளின் படி. நான்காவது, ஒரு பழைய வீட்டுத் திண்ணை. புதுச்சேரித் தமிழர் வீடுகளில் திண்ணைக்கு முன்னால் மரத்தூண்களில் நிற்கும் ஓட்டுத் தாழ்வாரமும் உண்டு. வெயிலில் வந்தவருக்கு நிழல், கால் வலித்தவருக்கு இருக்கை. யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியதில்லை. வைசியாள் தெருவில் இப்படிப்பட்ட முகப்புகளை, பாரம்பரியக் கட்டடங்களைக் காக்கும் இன்டாக் அமைப்பு புதுப்பித்தது. அதற்கு 2008-இல் யுனெஸ்கோவின் விருதும் வந்தது. இன்று அந்தத் தெருவைப் படம் எடுக்க வெளியூரிலிருந்து வருகிறார்கள். வரட்டும், நல்லதுதான். ஆனால் அந்தத் திண்ணையின் வேலையை நாம் மறக்கக் கூடாது. அது அழகுக்காகக் கட்டியதல்ல, உட்காருவதற்காகக் கட்டியது. அதை இடித்துக் கார் நிறுத்தவும் கடை வைக்கவும் தொடங்கிய பிறகு, நடக்கிற கிழவிக்கு ஊரில் இருக்கை கிடைப்பதே அரிதாகிவிட்டது.

சுப்பையா சாலையைக் கடக்க இரண்டு முறை காலை எடுத்து வைத்து, இரண்டு முறையும் பின்வாங்கினார் அத்தை. பாதசாரி விநாடிக்கு 1.2 மீட்டர் நடப்பார் என்று வைத்துத்தான் பல நாடுகளில் சிக்னல் நேரத்தைக் கணக்கிடுகிறார்கள். இங்கிலாந்தில் 65 வயதுக்கு மேற்பட்டவர்களை அளந்து பார்த்து 2012-இல் வெளியிட்ட ஆய்வில், ஆண்களின் சராசரி 0.9 மீட்டர், பெண்களுக்கு 0.8 மீட்டர்தான். 14 மீட்டர் அகலமுள்ள சாலை என்று வைத்துக்கொள்ளுங்கள். கணக்கின்படி 12 விநாடி போதும். அத்தை போன்றவருக்கு 17 விநாடிக்கு மேல் வேண்டும். அந்த ஐந்தாறு விநாடியும் அவர் நடுச்சாலையில் நிற்கிறார். சிங்கப்பூரில் 2009 முதல் இதற்கு ஒரு வழி வைத்திருக்கிறார்கள். முதியவர் தன் அட்டையைச் சிக்னல் கம்பத்தில் காட்டினால் பச்சை விளக்கு 3 முதல் 13 விநாடி வரை கூடுதலாக எரியும்.

உலக சுகாதார நிறுவனம் முதியோருக்கு உகந்த நகரங்கள் பற்றி 2007-இல் ஒரு கையேடு வெளியிட்டது. 33 நகரங்களில் அறுபது வயது தாண்டியவர்களை உட்கார வைத்து, அவர்கள் சொன்னதைக் கேட்டு எழுதியது அது. நம் டெல்லியும் உதய்ப்பூரும் அந்தப் பட்டியலில் உண்டு. உட்கார பெஞ்சும், சுத்தமான கழிப்பறையும், இடறாத நடைபாதையும் வேண்டுமென்று பல நாட்டு முதியவர்கள் ஒரே குரலில் சொன்னார்கள்.

உப்பளத்திலும் கேட்கலாம். கூடத்தில் கூட்டம் போட்டால் குரல் பெரிதாக உள்ளவர்தான் பேசுவார். அதனால் நடந்தே கேட்க வேண்டும். வாய்க்கால் வேலைக்கோ சாலை வேலைக்கோ டெண்டர் விடுவதற்கு முன், தெருவுக்கு ஐந்தாறு பெரியவர்களை, அதில் பாதிப் பேராவது பெண்களாக, இன்ஜினியர் கூட்டிக்கொண்டு நடக்கட்டும். அவர்கள் நிற்கிற இடத்திலெல்லாம் சுண்ணாம்பால் ஒரு கோடு போடட்டும். வேலை முடிந்ததும் அதே ஆட்களோடு இன்னொரு முறை நடக்கட்டும். அதற்குப் பிறகு பில் பாஸாகட்டும்.

எல்லாரும் ஒரே மாதிரி சொல்ல மாட்டார்கள் என்பதும் தெரிந்ததுதான். "பெஞ்சு போடலாமா?" என்று அத்தையிடமே கேட்டேன். "போடு. ஆனா லைட்டும் சேத்துப் போடு. இருட்டுல குடிக்கிறவங்க வந்து உக்காந்துட்டா, அந்தப் பக்கமே நாங்க போக மாட்டோம்" என்றார். விளக்கில்லாத பெஞ்சு பயத்தைத்தான் தரும் என்பது எனக்குத் தோன்றவே இல்லை.

நம் ஊரால் முடியாத காரியமில்லை இது. கடற்கரைச் சாலையில் மாலை ஆறு மணி முதல் காலை ஏழரை வரை வண்டிகளை நிறுத்திவிட்டு, கால்களுக்கு வழி விடுகிறோம். எத்தனை பெரியவர்கள் அங்கே நிம்மதியாக நடக்கிறார்கள்! ஆனால் உப்பளத்துக்காரர் அந்தக் கடற்கரைக்குப் போய்ச் சேர, முதலில் ஆடுகிற மூன்றாவது கல்லைத் தாண்ட வேண்டும்.

வீடு திரும்பியதும் இந்த யோசனையை அத்தையிடம் சொன்னேன். தண்ணீர் குடித்து முடித்துவிட்டுச் சொன்னார்: "காலைல ஏழு மணின்னா நான் ரெடி. எதுத்த வீட்டுப் பெரியவரையும் கூப்பிடு. அவரு கம்பு ஊணி நடக்குறவரு. கம்பு எங்க மாட்டும்னு எனக்குத் தெரியாது, அவரத்தான் கேக்கணும்."