மருந்தால் கருகிய வாழை



வீட்டில் கரைத்த சோப்பு, மண்ணெண்ணெய்க் கலவையால் இலை கருகிய வாழையை அவசரப்பட்டு வெட்டிவிடாதீர்கள். ஓராண்டு உழைப்பு அது. நாம் தண்டு என்பது இலையுறைகளின் அடுக்கே. பூக்கும் பருவம் வரை வளரும் முனை தரையை ஒட்டிய கிழங்கில்தான் இருக்கிறது. கிழங்கு கெட்டியாயிருந்தால், வெப்பக் காலத்தில் 7 முதல் 10 நாட்களுக்கு ஓர் இலை விரியும்.

முதலில் நன்னீரால் இலைகளைக் கழுவுங்கள். பழவேற்காடு ஏரியோரத்து உவர்நீர் ஆகாது. அதில் சோப்புத் திரிந்து, எண்ணெய் பிரிந்து இலையைச் சுடும். பாதி பச்சையுள்ள இலையை அறுக்க வேண்டாம். மரத்திற்குச் சோறூட்டுவது அதுவே. குலை தள்ளிய மரத்தில் புது இலை வராது. பக்கக் கன்றைப் பேணுங்கள்.

இனித் தெளிப்பதானால், 100 லிட்டர் நீருக்கு 5 கிலோ வேப்பங்கொட்டைப் பருப்பு இடித்து ஊறவைத்த சாற்றை மாலையில் ஒரே மரத்தில் தெளித்து, இரண்டு நாள் பார்த்த பின்னரே தோட்டத்திற்குப் பயன்படுத்துங்கள்.