கொல்லன் தெருவில் ஊசி



கள்ளக்குறிச்சி மாவட்டத்தில் கச்சிராயபாளையம் தாண்டி வெள்ளிமலைக்கு ஏறுகிற சாலை இருக்கிறதே, அது மலையைத் தொடுவதற்குக் கொஞ்சம் முன்னால் ஒரு பட்டறை. தகரக் கூரை, ஓர் உலை, புளியங்கட்டையில் பதித்த அடைகல். துருத்திக்குப் பதிலாக இப்போது கரண்டில் ஓடும் சின்ன ஊதி வந்துவிட்டது. மற்றபடி ஆசாரியின் அப்பா விட்டுப்போனது போலவேதான் இருக்கிறது. அருவாள், கொடுவாள், களைக்கொத்து, அருவாமனை என்று மலைக்கு மேலே சாமை அறுக்கிறவர்களுக்கும் கீழே கரும்பு வெட்டுகிறவர்களுக்கும் செய்து கொடுத்தே காலம் ஓடியது. இப்போது சந்தையில் மிஷினில் அடித்த கத்தி பாதி விலைக்குக் கிடைக்கிறது.

ஆசாரியின் மகன் படித்த பையன். ஒருநாள் போனை நீட்டினான். "அண்ணா, கத்தி செய்யறவங்க குரூப்புல சேர்ந்திருக்கேன். உலகம் பூரா ஆளுங்க இருக்காங்க. போட்டோ போட்டா முந்நூறு பேர் லைக் போடறாங்க. ஆனா ஒரு கத்திகூட விக்கல."

உலைப் பக்கம் குனிந்திருந்த அப்பா நிமிராமலே சொன்னார்: "கொல்லன் தெருவுல போய் ஊசி வித்தா எவன்டா வாங்குவான்?"

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. யோசித்துப் பார்த்தால், கையால் பொருள் செய்து இணையத்தில் விற்கப் பார்க்கிற முக்கால்வாசிப் பேர் சறுக்குகிற இடம் அதுதான். கத்தி செய்கிறவர், கத்தி பற்றிப் பேசுகிற கூட்டத்தைத் தேடிப் போகிறார். அங்கே இருப்பவர்கள் எல்லாருமே கத்தி செய்கிறவர்கள். பாராட்டுவார்கள், குறை சொல்வார்கள், வாங்கமாட்டார்கள்.

அந்தக் குழுக்கள் வீண் என்று சொல்லவில்லை. இந்தப் பையனே அங்கே ஒன்று கற்றுக்கொண்டான். லாரியின் ஸ்பிரிங் பட்டையில் செய்த கத்தியைக் காய்ச்சித் தண்ணீரில் தோய்த்தால் சில சமயம் விளிம்பில் முடி போலக் கீறல் விழும். எண்ணெயில் தோய்த்துப் பார் என்றார்கள். எப்போது தோய்ப்பது? இரும்பு காந்தத்தில் ஒட்டாமல் போகிற சூடு வந்து, அதற்கு மேல் ஒரு பிடி ஏறியதும் தோய்க்க வேண்டும். அப்பா அதைக் காந்தம் இல்லாமலே, நிறத்தைப் பார்த்துச் சொல்லிவிடுவார். மகன் காந்தம் வைத்துச் சோதித்தான். இரண்டு பேர் கணக்கும் ஒன்றாகவே வந்தது. அன்றைக்கு அப்பாவுக்குப் போன் மீது கொஞ்சம் மரியாதை வந்தது. கற்றுக்கொள்ள அந்தத் தெரு நல்ல தெரு.

அடுத்து அவன் செய்தது இன்னும் பெரிய தப்பு. ஒரு கொடுவாளைச் சுழற்றி, பின்னால் சினிமாப் பாட்டு ஓடவிட்டு ரீல்ஸ் போட்டான். பார்வைகள் மளமளவென்று ஏறின. கூடவே செய்திகளும் வந்தன. "ஒன்றரை அடியில் பட்டாக்கத்தி கிடைக்குமா தலைவா?" பிறந்தநாள் கேக்கைப் பட்டாக்கத்தியால் வெட்டிப் படம் போட்டு, மறுநாள் காவல் நிலையத்தில் கைகட்டி நிற்கிற பையன்களை நாம் செய்தியில் பார்க்கிறோமே, அந்தக் கூட்டம். வீச்சைக் காட்டினால் வீசுகிறவன்தான் வருவான். அப்பா அன்றே அந்த வீடியோவை எடுக்கவைத்தார்.

அவர் பயத்தில் நியாயம் இருக்கிறது. தென் மாவட்டங்களில் பழிக்குப் பழிக் கொலைகள் நடந்ததையடுத்து, 2021 செப்டம்பரில் தமிழகக் காவல்துறை மாநிலம் முழுக்கத் தேடுதல் நடத்தியது. அருவாள், கத்தி செய்கிறவர்களிடம், வாங்குகிறவர் பெயரையும் முகவரியையும் எழுதி வைக்கச் சொன்னது. சட்டம் என்ன சொல்கிறது என்பதும் தெரிந்திருக்க வேண்டும். 9 அங்குலத்துக்கு மேல் நீளமோ 2 அங்குலத்துக்கு மேல் அகலமோ உள்ள கத்தியை ஆயுத விதிகள் ஆயுதப் பட்டியலில் வைக்கின்றன. வீட்டுக்கும் விவசாயத்துக்கும் தொழிலுக்கும் அறிவியல் வேலைக்கும் என்று செய்தவற்றுக்கு விலக்கு உண்டு. ஆகவே எதற்காகச் செய்தது என்பதுதான் கேள்வி. நீங்கள் போடுகிற படமும் எழுதுகிற வரியும்தான் அதற்குப் பதில்.

அந்த வரி யாரைப் பார்த்துப் பேசவேண்டும் என்பதற்கு ஒரு பழைய கதை. சங்கராபுரம் பக்கம் மேல்சிறுவலூர் என்று ஓர் ஊர். 1990களில் உலோகவியல் ஆய்வாளர் சாரதா சீனிவாசன் அங்கே பழைய மூசைத் துண்டுகளைக் கண்டெடுத்து ஆராய்ந்தார். மூசை என்றால் உலோகம் உருக்குகிற மண்குவளை. அவற்றில் கரி மிகுந்த உருக்கு செய்திருந்தார்கள் என்று தெரிந்தது. 1994இல் அதுபற்றிக் கட்டுரை வெளியிட்டார். வெளிநாட்டார் வூட்ஸ் என்று அழைத்த உருக்கு அது. தமிழின் உருக்கு என்ற சொல்லோ, கன்னடத்து உக்கு என்ற சொல்லோதான் அப்படித் திரிந்தது என்பார்கள். 

தென்னிந்தியாவில் பல இடங்களில் இந்த உருக்கு செய்தார்கள். 1794இல் பம்பாயிலிருந்த ஹெலனஸ் ஸ்காட் என்ற மருத்துவர், லண்டன் ராயல் சொசைட்டியின் தலைவர் ஜோசப் பேங்க்ஸுக்கு மாதிரி அனுப்பினார். அது ஜேம்ஸ் ஸ்டோடார்ட் என்ற கத்தி வினைஞரிடம் போனது. பின்னாளில் மைக்கேல் ஃபாரடேயோடு சேர்ந்து உருக்கு பற்றி ஆய்வுக் கட்டுரைகள் எழுதினாரே, அவரேதான். ஃபாரடேயும் கொல்லர் மகன் என்பது இங்கே சொல்லவேண்டிய விஷயம்.

ஸ்டோடார்ட் தன் கடைக்கு ஒரு விளம்பர அட்டை அச்சடித்தார். அறுவை மருத்துவருக்கான கருவிகளும் சவரக்கத்திகளும் இந்தியாவிலிருந்து வந்த வூட்ஸ் உருக்கில் செய்தவை, பல ஆண்டுகள் ஒப்பிட்டுச் சோதித்தபிறகு ஐரோப்பாவின் நல்ல உருக்கைவிட இதையே விரும்புகிறேன் என்பது அதன் சாரம். நான் அந்த அட்டையைப் பையனுக்கு விளக்கினேன். அட்டை யாரைப் பார்த்துப் பேசுகிறது? அறுவை செய்கிற மருத்துவரையும் தாடி மழிக்கிறவரையும். இன்னொரு கத்திக் கடைக்காரரை அது கூப்பிடவே இல்லை. தானே சோதித்ததையும் சொல்கிறது.

அப்படிப் பார்த்தால் நம் ஆசாரியின் ஆட்கள் எங்கே கூடுகிறார்கள்? முதலாவது கூட்டம் பக்கத்திலேயே இருக்கிறது. கள்ளக்குறிச்சி மரச்சிற்பத்துக்கு 2021இல் புவிசார் குறியீடு கிடைத்தது. அந்தச் சிற்பிகளுக்குத் தட்டை உளியும் வளைந்த உளியும் ஓயாமல் வேண்டும். உளியை யாரும் ஆயுதம் என்று சந்தேகப்படமாட்டார்கள். நல்ல உளி செய்கிற ஆள் ஒருவர் இருக்கிறார் என்று ஒரு சிற்பி தன் வாட்ஸ்அப் குழுவில் சொன்னால், அதற்கு மேல் விளம்பரமே வேண்டாம்.

அப்புறம் மாடித் தோட்டக்காரர்கள், பாரம்பரிய விதை பரிமாறிக்கொள்கிறவர்கள், இயற்கை விவசாயக் குழுக்கள். ஃபேஸ்புக்கிலும் வாட்ஸ்அப்பிலும் தமிழில் நிறையவே இருக்கின்றன. ஊருக்குப் போனால்தான் கிடைக்கும் என்று அருவாமனைக்கு ஏங்குகிற டொரண்டோ, சிங்கப்பூர்த் தமிழர்களும் உண்டு. அவர்களுக்கு இங்கே இருக்கிற சொந்தக்காரர்தான் வாங்கி, விமானத்தில் சரக்கோடு போகிற பெட்டியில் வைத்து அனுப்பவேண்டும். மீன் வாங்கி வீட்டில் வெட்டுகிறவர்களை யாரும் கண்டுகொள்வதே இல்லை. சமையல் குழுக்களில் அவர்கள் மொட்டைக் கத்தியைத் திட்டாத நாளில்லை.

ஆனால் நுழைந்த அன்றே விலைப்பட்டியலைப் போட்டால் வெளியே தள்ளிவிடுவார்கள். அட்மினிடம் கேட்கவேண்டும். சில குழுக்களில் விற்பனைக்கென்று வாரத்தில் ஒரு நாள் இருக்கும். அதுவரை சும்மா இருக்கவேண்டாம். துரு எப்படி எடுப்பது, சாணை எந்தக் கல்லில் பிடிப்பது என்று யாராவது கேட்டுக்கொண்டே இருப்பார்கள். அதற்குப் பதில் சொல்லலாம்.

துரு என்றதும் ஒரு கசப்பு ஞாபகம் வருகிறது. முதலில் விற்ற சமையல் கத்தி பத்தே நாளில் திரும்பி வந்தது. ஏமாற்றிவிட்டீர்கள், துருப்பிடிக்கிறது என்று ஓர் அம்மாவின் குரல் பதிவு. அவர்மேல் தப்பில்லை. எவர்சில்வர் பழகிய கை. இப்போது பையன் முதல் வரியிலேயே எழுதிவிடுகிறான்: "இது இரும்புக் கத்தி, துருப்பிடிக்கும். கழுவியதும் துடைத்து ஒரு சொட்டுத் தேங்காய் எண்ணெய் தடவுங்கள்." அதன் கீழே நீளம், எடை, எதில் செய்தது, எதை வெட்ட. வீடியோவில் பாட்டு கிடையாது. தக்காளியும் முருங்கைக்காயும் அறுபடுகிற சத்தம் மட்டும்.

அனுப்புவதில் சோம்பல் கூடாது. சரியாகப் பாதுகாக்காத கூர்மையான கருவியைத் தபாலில் போடக்கூடாது என்று 1898ஆம் வருஷத்து அஞ்சல் சட்டமே சொன்னது. ஆசாரி பழைய சைக்கிள் டியூபைக் கிழித்து விளிம்புக்கு உறை போடுகிறார். மேலே கெட்டி அட்டை, அதற்கு மேல் நூல். பார்சலைப் பிரிக்கிற கை அறுபட்டால் அப்புறம் அந்தக் குழுவில் தலைகாட்ட முடியாது.

போன வாரம் போயிருந்தேன். மாடித் தோட்டக் குழுவிலிருந்து சென்னை அம்மா ஒருவர் எழுதியிருந்தார். அவர் இடதுகைப் பழக்கம். அருவாளுக்கு ஒரு பக்கம்தான் சரிவு எடுப்பார்கள், அது வலதுகைக்காரருக்குத் தோதாக இருக்கும். அவர் பிடித்தால் தண்டில் வழுக்கிக்கொண்டு போகிறதாம். இடதுகைக்கு ஒன்று செய்ய முடியுமா?

பையன் அதை உரக்கப் படித்தான். ஆசாரி பதில் சொல்லவில்லை. உலையிலிருந்து சிவந்த பட்டையைக் குறட்டால் எடுத்தார், அடைகல்லில் வைத்தார், ஒரு நொடி நின்றார். பிறகு அதைத் திருப்பிப் போட்டு அடுத்த பக்கம் அடிக்க ஆரம்பித்தார்.