ஊர்க் குழந்தையும் ஒப்புரவும்

(நம் சங்கத்தின் ஆண்டுக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



பொதுநலத் தொண்டுக் கழகங்கள் பொருள் திரட்டிக் குழந்தைகட்கு உதவும் வகைபற்றிச் சில சொல்லுமாறு நம் காரியதரிசி அவர்கள் எம்மைப் பணித்தனர். பள்ளியில் இலக்கணம் கற்பிக்கும் எமக்கும் பொருள் திரட்டும் கழகங்கட்கும் என்ன இயைபு என நீங்கள் கருதுதல் கூடும். ஆயினும், நாள்தோறும் காலையில் வருகைப் பதிவேட்டைத் திறந்து, யார் வந்தனர் என்பதனோடு யார் வந்திலர் என்பதனையும் குறித்தல் எம் தொழிலாகும். இன்று யாம் சொல்லப் புகும் பொருள் முழுவதும் அந்த வாராத பிள்ளையைப் பற்றியதே.

திருவள்ளுவனார் அறத்துப்பாலில் ஒப்புரவறிதல், ஈகை என இரண்டு அதிகாரங்களை அடுத்தடுத்து வைத்தனர். இரண்டும் கொடுத்தலே எனின், ஓர் அதிகாரம் அமையாதோ? அமையாது. ஈகையாவது, இல்லையென்று வந்து நின்றார்க்கு உடையார் கொடுப்பது. ஒப்புரவாவது, ஊரோடு ஒத்து வாழ்வார், கேட்பார் வரும்வரை காத்திராது, ஊர்க்கு வேண்டுவதனைத் தம் கடனென அறிந்து செய்வது. ஈகைக்குக் கைநீட்டுவார் ஒருவர் வேண்டும், ஒப்புரவுக்கு வேண்டா. குழந்தையோ தன் குறை இன்னதென்று எடுத்துரைக்க அறியாதது. கண்பார்வை மங்கிய பிள்ளை, உலகமே அவ்வாறு மங்கியிருப்பதாகவே எண்ணியிருக்கும். ஆதலின் குழந்தைகட்குச் செய்யும் உதவி பெரும்பாலும் ஒப்புரவின்பாற் படும் என்க.

இவ்வறம் நம் நாட்டிற்குப் புதிதன்று. விருதுநகர் நாடார் வணிகர்கள் தம் வாணிகத்தினின்றும் மகமை என ஒரு சிறு பங்கினைப் பொதுவில் ஒதுக்கியும், வீடுதோறும் பிடி அரிசி பெற்றும், 19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் எழுப்பிய க்ஷத்திரிய வித்தியாசாலையை யாவரும் அறிவர். 1903-இல் பிறந்த காமராசர் பயின்ற பள்ளி அது. உலை வைக்கும் பொழுது ஒரு பிடியைத் தனிக் கலயத்தில் இட்ட தாய்மார்கள், தாம் ஒரு பள்ளிக்கூடம் கட்டுவதாக நினைத்திரார். கலயம் நிறைந்தது, பள்ளியும் வளர்ந்தது. சிறிது சிறிதாக, தவறாது, பலர் கூடித் தருதலே இதன் மருமம்.

இதே மருமத்தைக் கடல்கடந்த நாட்டார் எவ்வாறு கையாண்டனர் என்பதைக் காண்போம். அமெரிக்க நாட்டுச் சிக்காகோ நகரில் 1905 பிப்ரவரி 23-இல் பால் ஹாரிஸ் என்னும் வழக்கறிஞர் தம் நண்பர் மூவரோடு கூடி ஒரு கழகம் கண்டார். உறுப்பினர் அலுவலகங்களில் முறைவைத்துச் சுழன்று கூடியமையின், அது ரோட்டரி எனப் பெயர் பெற்றது. நம்மவர் அதனைச் சுழற்கழகம் என்பர். தொடக்கத்தில் அது நட்புக்கும் தொழிலுக்கும் உரிய கூட்டமாகவே இருந்தது. 1907-இல் அந்நகர மக்கட்குப் பொதுக் கழிப்பிடம் அமைக்க முயன்றபொழுதே அது தொண்டுக் கழகமாயிற்று. 1917-இல் ஆர்ச் கிளம்ப் என்பார் உலகில் நன்மை செய்வதற்கென ஒரு நிதி வேண்டும் என்றார். கான்சஸ் நகரக் கழகத்தார் அளித்த முதற்கொடை 26 டாலர் 50 சென்ட். நம் பிடி அரிசிக்கு அது உடன்பிறப்பன்றோ! இன்று அக்கழகத்தில் உலகெங்கும் ஏறத்தாழ 12 இலட்சம் உறுப்பினர் உளர்.

குழந்தைத் தொண்டில் அக்கழகத்தாரை ஊக்கியவர் ஒருவரைச் சொல்லாது விடுதல் தகாது. ஒகையோ மாநிலத்து எலிரியா என்னும் ஊரில் எட்கர் ஆலன் என ஒரு வணிகர் இருந்தார். 1907-இல் தெருவில் ஓடும் மின்வண்டி விபத்தில் அவர்தம் மகன் மாண்டான். அவ்வூரில் தக்க மருத்துவமனை இல்லாமை அவர் நெஞ்சைச் சுட்டது. தம் வாணிகத்தை விற்று, ஊராரிடம் பொருள் திரட்டி, மருத்துவமனை எழுப்பினார். பின்னர், கைகால் ஊனமுற்ற குழந்தைகள் பலர் பிறர் கண்ணிற் படாதவாறு வீட்டினுள்ளே மறைத்து வைக்கப்பட்டிருத்தலைக் கண்டார். 1919-இல் அவர்கட்கென ஒரு சங்கம் நிறுவினார். சுழற்கழகத்தார் அவர்க்குத் தோள் கொடுத்தனர். 1934 முதல் அச்சங்கத்தார், கடிதங்களில் ஒட்டத்தக்க சிறு முத்திரைத் தாள்களை ஈஸ்டர்ப் பண்டிகை நாளில் விற்றுப் பொருள் ஈட்டினர். செல்வர் ஒருவரிடம் ஆயிரம் பெறுவதினும், ஆயிரவரிடம் ஒவ்வொன்று பெறுதல் உயர்ந்தது. ஏனெனில், பின்னதில் ஆயிரம் பேர்க்கு அக்குழந்தைகள் மீது உரிமை பிறக்கின்றது.

அரிமா சங்கம் எனப்படும் லயன்ஸ் கழகமும் சிக்காகோவில் 1917-இல் தோன்றியதே. 1925-இல், கண்ணும் செவியும் இழந்தும் கல்வியிற் சிறந்த ஹெலன் கெல்லர் அம்மையார் அச்சங்கத்தாரின் மாநாட்டில் எழுந்து, பார்வையற்றோர்க்குத் துணைநிற்குமாறு வேண்டினார். அன்று முதல் கண்ணொளித் தொண்டே அவர்தம் தலையாய தொண்டாயிற்று. நம் ஊர்களில் அவர் நடத்தும் கண் பரிசோதனை முகாம்கள் அவ்வேண்டுகோளின் விளைவே.

இனி, தலையாய எடுத்துக்காட்டுக்கு வருவோம். இளம்பிள்ளை வாதம் எனப்படும் போலியோ நோயால் கால் சூம்பிய பிள்ளைகளை நம்முள் மூத்தோர் நன்கு அறிவர். 1988-இல் 125-க்கு மேற்பட்ட நாடுகளில் ஆண்டொன்றுக்கு ஏறத்தாழ 3,50,000 பேரை அது முடமாக்கியது. அந்நோயின் இயல்பு வியப்பானது. அந்நச்சுயிரி தொற்றிய 200 பேரில் ஏறத்தாழ ஒருவர்க்கே மீளா வாதம் உண்டாகும். ஏனையோர் நலமுடையவர் போலவே ஓடியாடி, தம்மை அறியாமலே பிறர்க்கு அதனைப் பரப்புவர். ஆதலின், ஒரு குழந்தை கால் சூம்பிற்றெனின், அத்தெருவிற் பல குழந்தைகளிடம் அந்நோய்ப் பொருள் முன்னமே உலாவிற்று என்பது பொருள்.

சுழற்கழகத்தார் 1979-இல் பிலிப்பைன்ஸ் நாட்டிற் குழந்தைகள் ஏறத்தாழ 60 இலட்சம் பேர்க்குச் சொட்டு மருந்து அளிக்கும் பணியை 7,60,000 டாலர் நன்கொடையோடு தொடங்கினர். அஃது இனிது நடைபெறவே, 1985-இல் உலகமெங்கும் அப்பணியைச் செய்யத் துணிந்து, 12 கோடி டாலர் திரட்டக் கருதினர். 1988-இல் கணக்குப் பார்த்தபொழுது சேர்ந்தது 24 கோடியே 70 இலட்சம் டாலர்! அவ்வாண்டே உலக நாடுகளின் சுகாதாரப் பேரவை, இந்நோயை உலகினின்றே ஒழிப்பதென உறுதி பூண்டது.

நம் நாட்டில் நிகழ்ந்ததை நோக்குவோம். குழந்தைகள் அனைவர்க்கும் ஒரே காலத்தில் மருந்தளித்தால் நச்சுயிரி தங்குதற்கு இடமின்றி மாயும் என்னும் முறையை, வேலூர்க் கிறித்தவ மருத்துவக் கல்லூரி டாக்டர் டி. ஜேக்கப் ஜான் அவர்கள் 1980-களில் வற்புறுத்தினார். 1995 முதல் நாடெங்கும் அம்முறை கைக்கொள்ளப் பெற்றது. பின்னாளில் நாடளாவிய ஒவ்வொரு முறையும் ஏறத்தாழ 17 கோடிக் குழந்தைகட்கு மருந்து சென்றது. அத்தகைய சாவடிகளில் யாமும் அமர்ந்ததுண்டு. குழந்தையின் வாயில் இரண்டே சொட்டு. இடக்கைச் சுண்டுவிரலில் ஒரு மைப்பொட்டு. மருந்துக் குப்பியின்மேல் ஒரு வட்டமும் அதனுள் ஒரு சதுரமும் உண்டு. வெப்பம் பட்டுச் சதுரம் வட்டத்தளவு கறுத்துவிடின் அம்மருந்தை எறிந்துவிடல் வேண்டும்.

சாவடி முடிந்த பின்னரே உண்மைப் பணி தொடங்கும். தொண்டர்கள் வீடுவீடாகச் செல்வர். குழந்தைகள் அனைவரும் மருந்துண்ட வீட்டின் சுவரிற் சுண்ணக்கட்டியால் ‘பி’ என்னும் ஆங்கில எழுத்தை இடுவர். ஒரு குழந்தையேனும் விடுபட்ட வீட்டிற்கு ‘எக்ஸ்’ என்னும் எழுத்து. மறுநாளும் அதன் மறுநாளும் அவர் கால்கள் நடப்பது ‘எக்ஸ்’ வீடுகளை நோக்கியே. பேருந்து நிலையத்திலும் இரயிலடியிலும் செங்கற் சூளையிலும் அவர் தேடியது, மைப்பொட்டு இல்லாத சுண்டுவிரலையே.

இப்பணியின் செலவிற் பெரும்பகுதியை ஏற்றது நம் இந்திய அரசு. நடந்து தேய்ந்தவை எண்ணிறந்த அங்கன்வாடிப் பெண்களின் கால்கள். அங்ஙனமாயின் கழகத்தார் செய்தது யாது? பொருள் தந்தனர்; சாவடிகளில் அமர்ந்தனர்; அவற்றினும் மேலாக, அஞ்சி மறுத்தோரின் ஐயம் தீர்க்கத் தக்காரை நாடினர். உத்தரப் பிரதேசத்தில் இசுலாமியப் பெற்றோர் சிலர் மருந்துக்கு அஞ்சியபொழுது, அச்சமயப் பெரியோர்களையே குழுவாக்கி அவர் வாயிலாக எடுத்துரைத்தனர். காசு செல்லாத வாயிலில் நம்பிக்கை சென்றது.

2009-இல் நம் நாட்டில் இந்நோயுற்றோர் 741 பேர். 2010-இல் 42 பேர். 2011-இல் ஒரே ஒரு பெண்குழந்தை. மேற்கு வங்காளத்து ஹௌரா மாவட்டத்தில் 2011 சனவரி 13-இல் அக்குழந்தைக்கு நேர்ந்ததே இயற்கைப் போலியோ நச்சுயிரியால் இந்நாட்டில் நேர்ந்த இறுதி நிகழ்ச்சி. 2014 மார்ச் 27-இல் நம் நாடு உள்ளிட்ட தென்கிழக்காசியப் பகுதி அந்நோய் நீங்கியதெனச் சான்று பெற்றது. ஆப்கானிஸ்தானத்திலும் பாகிஸ்தானத்திலும் அஃது இன்னும் வேரற்றிலது. ஆதலாலேயே, நோய் நீங்கிய நம் நாட்டிலும் சொட்டு மருந்து நின்றபாடில்லை.

மகாஜனங்களே! இவ்வரலாற்றை ஈண்டு விரித்ததற்குக் காரணம் உண்டு. “நம் சங்கத்துப் பணம் நம் பிள்ளைகட்கே” என்னும் பேச்சு நம்மிடை அடிக்கடி எழுகின்றது. அதனை எளிதில் இகழ்ந்துவிட யாம் ஒருப்படோம். நம் முன்னோர் பிறர் வாயிலில் நின்று கல்வி பெறமாட்டாது தவித்த நாளில், தம் பிள்ளைகட்குத் தாமே துணையாயினர். அப்பொருளால் கற்றவர் பலர் இவ்வவையில் உளர். தன் வீட்டு விளக்கை ஏற்றாதவன் தெருவிளக்கை ஏற்றுவேன் என்பது நகைப்பிற்கிடமே.

ஆயினும், ஊர்ப் பிள்ளை நலமின்றி இருக்க நம் பிள்ளை மட்டும் நலமாயிருத்தல் இயலுமோ? நச்சுயிரி எந்த வீட்டுக் குலப்பெயரையும் கேட்டு நுழைவதில்லை. தெருவின் மறுகோடியிற் சூளை வேலைக்கு வந்து தங்கிய பெயர் தெரியாக் குழந்தை விடுபட்டால், மாடி வீட்டுக் குழந்தைக்கும் காவல் இல்லை. நோய்க்கு மட்டும் அன்று, கல்விக்கும் ஒழுக்கத்திற்கும் இஃது ஒக்கும். பள்ளியை விட்டு நின்ற பத்துப் பிள்ளைகள் திரியும் தெருவில்தான் நம் பிள்ளைகளும் நடக்கின்றனர். நாடார் வணிகர் தம் மகமையால் எழுப்பிய பள்ளியும் பிற வகுப்புப் பிள்ளைகட்குக் கதவடைக்கவில்லை. அதனாலேயே அஃது ஊரின் பெருமையாயிற்று.

ஆகவே நம் சங்கத்தின் முன் மூன்று வேண்டுகோள் வைக்கின்றோம்.

ஒன்று: ஆண்டுக்கொருமுறை பெருங்கொடை பெறுதலோடு, உறுப்பினர் வீடுதோறும் திங்கள்தோறும் இயன்ற சிறு தொகை பெறுதல் வேண்டும். தொகை சிறிதாயினும் தவறாமையே பெரிது. வரவும் செலவும் திங்கள்தோறும் இவ்வெளியீட்டில் அச்சாதல் வேண்டும். கணக்குக் காட்டாத அறம் நெடுநாள் நில்லாது.

இரண்டு: அவ்வாறு சேரும் பொருளிற் பாதியை நம் ஊரிலுள்ள எல்லாக் குழந்தைகட்கும் பொதுவாக ஒதுக்குதல் வேண்டும். மற்றைப் பாதி முன்போல நம் மாணவர் உதவிக்கு ஆகுக.

மூன்று: கொடுப்பதற்கு முன் தேடுதல் வேண்டும். நம் இளைஞர்களும் தாய்மார்களும் இருவர் இருவராகத் தெருத்தோறும் சென்று, பள்ளிக்கு வாராத பிள்ளை, கண்ணாடி வேண்டும் பிள்ளை, தடுப்பூசி விடுபட்ட பிள்ளை யார் யார் எனக் குறித்து வரட்டும். தாய்மார்களை யாம் இங்குச் சேர்த்தது மரியாதைக்காக அன்று. சுழற்கழகத்தாரின் உலகளாவிய விதியே 1989 வரை மகளிரை உறுப்பினராக ஏற்க இடந்தந்திலது; அமெரிக்க உச்ச நீதிமன்றத்தின் 1987-ஆம் ஆண்டுத் தீர்ப்புக்குப் பின்னரே விதி திருந்திற்று. ஆடவர்க்குத் திறவாத வீட்டுக் கதவும் ஒரு தாய்க்குத் திறக்கும். நாம் அத்துணைக் காலம் தாழ்த்தல் ஆகாது.

இறுதியாக ஒன்று. தொண்டுக் கழகங்கள் சில, விருந்திலும் பொன்னாடையிலும் நிழற்படத்திலும் பொழுது போக்குதலைக் காண்கின்றோம். நூறு குறிப்பேடு கொடுக்க ஐந்நூறு ரூபாய்க்குத் துணிப்பதாகை கட்டுவதும், பெறும் பிள்ளையை மேடையேற்றி வெட்கத்தால் தலைகுனிய வைப்பதும் அறமாகா. வகுப்பில் அப்பிள்ளை மறுநாள் எம் எதிரில்தான் அமர்கின்றது; அதன் முகத்தை யாம் அறிவோம்.

அடுத்த ஆண்டு விழாவிற் காரியதரிசி அவர்கள் அறிக்கை வாசிக்கும்பொழுது, “இத்தனை ரூபாய் சேர்ந்தது, இத்தனை பேர் பெற்றனர்” என்பதோடு நில்லாது, “நம் ஊரில் இன்னும் இத்தனை குழந்தைகள் விடுபட்டுளர், அவர் இன்ன இன்ன தெருவினர்” எனவும் வாசித்தல் வேண்டும். அவ்வெண் ஆண்டுதோறும் குறைந்து வருமாயின், நம் சங்கம் வளர்கின்றது என்பதற்கு வேறு சான்று வேண்டா.