இடிந்த பள்ளியும் இடியாத பாடமும்
(யூபிலி விழாக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



யூபிலி விழாவில் நாம் கட்டி எழுப்பியவற்றைப் பற்றிப் பேசுவது வழக்கம். இன்று நாம், வேறொரு நாட்டில் கட்டி, மூடி, இடித்துவிட்ட ஒரு பள்ளிக்கூடத்தைப் பற்றிச் சிறிது சிந்திப்போம். கோயிலும் பள்ளியும் இரு கண்கள் என்று போற்றும் நமக்கு அதில் ஒரு பாடம் உண்டு.

அமெரிக்காவில் இந்தியானா மாநிலத்தில், மிச்சிகன் ஏரிக்கரையில், 1906-ல் ஓர் எஃகுக் கம்பெனி ஆலையையும் நகரையும் சேர்த்தே எழுப்பியது. கம்பெனித் தலைவரின் பெயரால் அந்நகர் கேரி என்றழைக்கப்பட்டது. ஐரோப்பாவின் ஏழை நாடுகளிலிருந்தும், அமெரிக்காவின் தென்பகுதியிலிருந்தும் தொழிலாளர் பிழைப்புத் தேடி வந்தனர். தெற்கிலிருந்து வந்தவர்களில் கறுப்பின மக்கள் பலர். இவர்களுடைய குடியிருப்பின் நடுவே 1912-ல் எழுந்ததுதான் பிரோபெல் பள்ளி. குழந்தைகளுக்காகக் கிண்டர்கார்ட்டனைத் தோற்றுவித்த ஜெர்மானியக் கல்வியாளரின் பெயர் அது.

வில்லியம் வர்ட் என்ற கல்வி அதிகாரி அந்நகரில் 'வேலை, படிப்பு, விளையாட்டு' என்ற திட்டத்தை வகுத்தார். ஓர் அணி வகுப்பில் பாடம் கேட்கும்போது, மற்றோர் அணி பட்டறையிலோ, அரங்கிலோ, விளையாட்டுத் திடலிலோ இருக்கும். எந்த அறையும் சும்மா கிடக்காது. கூலித் தொழிலாளியின் பிள்ளைக்கும் நீச்சல் குளம், வாத்தியக் குழு எல்லாம் கிடைத்தன.

எல்லாப் பிள்ளைக்குமா? அங்கேதான் குறை. நிறத்தால் பிரிந்து கிடந்த அந்நகரில், பிரோபெல் இரு நிறத்தாரையும் சேர்த்துக்கொண்டது உண்மை. ஆனால் வாத்தியக் குழுவில் கறுப்பினப் பிள்ளைகளுக்கு இடமில்லை. வெள்ளையரோடு சேர்ந்து நீந்தவும் அனுமதியில்லை. கூரை ஒன்று, உள்ளம் இரண்டு.

1945 செப்டம்பரில், கறுப்பினத்தாரை வெளியேற்றக் கோரி வெள்ளை மாணவர் பல நூறு பேர் வகுப்பைப் புறக்கணித்தனர். நவம்பர் 1-ம் நாள் புகழ்பெற்ற பாடகர் பிராங்க் சினாட்ரா கேரிக்கே வந்து, இந்தப் பகைமை வேண்டாமென்று பேசினார். அவர் இத்தாலியிலிருந்து குடியேறிய கத்தோலிக்கக் குடும்பத்தின் மகன். ஆயினும் ஒரு நாள் பேச்சால் பகை ஓயவில்லை. பள்ளிகளில் இனப்பிரிவினை கூடாதென்று இந்தியானா மாநிலம் சட்டம் இயற்ற 1949 ஆயிற்று.

1977-ல் அப்பள்ளி மூடப்பட்டது. பல்லாண்டு பாழடைந்து கிடந்தபின் இடிக்கப்பட்டது. இன்று அதன் வரலாற்றைக் கூறும் பலகை ஒன்றுதான் அங்கே நிற்கிறது.

அன்பர்களே, சுவர் எழுப்புவது எளிது. சுவருக்குள் ஒரே குடும்பமாவது அரிது. நாமும் ஒரே பீடத்தில் நற்கருணை வாங்குகிறோம். பாடகர் குழுவிலும், தேர் இழுக்கும் வடத்திலும், விழாப் பந்தியிலும், கல்லறைத் தோட்டத்திலும் நாம் ஒன்றாக இருக்கிறோமா? இந்தக் கேள்வியை ஒவ்வொருவரும் வீட்டுக்கு எடுத்துச் செல்வோம்.

நாம் கட்டியவை ஒருநாள் இடியலாம். நம் பிள்ளைகள் தங்களுக்குள் பகிர்ந்துகொள்ளும் அன்பு இடியாது. அதுவே இந்த யூபிலிக்கு நாம் ஆண்டவருக்கு அளிக்கும் காணிக்கையாகட்டும்.