விருந்தினராய்ச் சென்று கற்ற பாடம்

(எமது சங்கத்தின் ஆண்டு விழாவிலே நிகழ்த்தப்பெற்ற சொற்பொழிவு)

“ஆசிய நாடுகளில் நாம் கண்ட கோயில்கள்” என்னும் பொருள்பற்றிப் பேசுமாறு காரியதரிசி அவர்கள் எம்மைப் பணித்தார்கள். கோயில்களைப்பற்றியும் சொல்லுவோம். ஆயினும், கோயில்களைக் காணச் சென்ற எமக்குப் பாடம் கற்பித்தவை வீடுகளே. ஆகையால், தலைப்பிலிருந்து சிறிது விலகிச் செல்வோமாயின் பெரியோர்கள் பொறுத்தருள வேண்டும்.

2024ஆம் ஆண்டிலே, பல்கலைக்கழக விடுமுறைக் காலத்தில், நாமும் எமது நண்பர் ஒருவரும் நான்கு நாடுகளைச் சுற்றிவரப் புறப்பட்டோம். இருவரும் ஒரு மிசன் பாடசாலையிலே எட்டு ஆண்டுகள் ஒரே வாங்கில் இருந்து படித்தவர்கள். இருவரும் சைவர்கள். ஆளுக்கொரு முதுகுப்பை, இருவருக்கும் பொதுவாக ஒரு திருநீற்றுப் பை. யாத்திரை முடியும்வரை மரக்கறி உணவே உண்பதென்று சங்கற்பம் செய்துகொண்டோம். உல்லாச விடுதிகளில் தங்குவதற்கு எம்மிடம் பணமில்லை. தெரிந்தவர்களுக்குத் தெரிந்தவர்கள் வீடுகளிலே தங்குவதென்றும், அவர்கள் இட்டதை உண்பதென்றும், கைமாறாக வீட்டுவேலைகளில் உதவுவதென்றும் தீர்மானித்தோம்.

முதலிலே தங்கியது கோலாலம்பூரில். அங்கே எமக்கு அந்நியமென்பது எதுவும் இல்லை. நம்மூர்ப் பெரியவர்கள் பலர் மலாயாப் புகையிரதப் பகுதியிலே உத்தியோகம் பார்த்து, பென்சன் பெற்றுத் திரும்பியவர்கள் என்பதைச் சபையோர் அறிவீர்கள். திரும்பாதவர்களின் பேரப்பிள்ளைகள் எம்மை வரவேற்றார்கள். ஊர் எது, வீதி எது, எந்தக் கோயிலடி என்று மூன்று கேள்வி கேட்டார்கள்; பின்பு சோறு போட்டார்கள். மூன்றாவது கேள்விக்கு நண்பர் சிறிது தாமதித்தே விடை சொன்னார். அதனை நாம் அன்று கவனித்தோம், காரணத்தை ஆராயவில்லை.

அங்கிருந்து புகையிரதத்திலே தாய்லாந்துக்குள் புகுந்து, பாங்கொக் நகரத்தைக் கண்டு, கிழக்கே மெக்கோங் நதிக்கரையை அடைந்தோம். 2006ஆம் ஆண்டிலே கட்டிமுடிக்கப்பெற்ற பாலமொன்று தாய்லாந்தின் முக்தகானையும் லாவோஸ் நாட்டின் சவன்னாகெத்தையும் இணைக்கின்றது. அதனைக் கடந்து, சவன்னாகெத்திலே ஓர் ஆசிரியரின் வீட்டில் இரண்டு இரவு தங்கினோம். மரத்தூண்களின்மேல் உயர்த்திக் கட்டிய வீடு. இரவு உணவுக்குத் தரையிலே பாய் விரித்து வட்டமாக அமர்ந்தோம். நடுவே மூங்கிற் கூடையொன்றிலே நீராவியில் வெந்த பசையரிசிச் சோறு. தட்டில் பரிமாறும் வழக்கம் அங்கில்லை. ஒவ்வொருவரும் அந்த ஒரே கூடையிலே கையிட்டு, சோற்றைக் கிள்ளி, விரல்களால் உருட்டி, கறியிலே தொட்டு உண்கின்றனர். வீட்டுத் தலைவரின் கை, பாட்டியின் கை, சிறுபிள்ளையின் கை, அயலவர் கை, எமது கை.

எச்சில் என்னும் சொல்லோடு வளர்ந்தவர்கள் நாம். முதற் பிடியை எடுப்பதற்கு எமது கை தயங்கியது. நண்பரின் கை தயங்கவில்லை.

லாவோஸிலிருந்து மலைப்பாதையிலே பஸ் ஏறி வியட்நாமுக்குள் நுழைந்து, தா நாங் நகருக்குத் தெற்கே உள்ள மி சோன் பள்ளத்தாக்கைச் சென்று தரிசித்தோம். காரியதரிசி அவர்கள் கேட்ட கோயில் இது. இன்றைய மத்திய, தென் வியட்நாமின் கரையோரத்தை ஒருகாலத்திலே சாம் மக்களின் சம்பா அரசு ஆண்டது. 4ஆம் நூற்றாண்டிலே பத்திரவர்மன் என்னும் மன்னன் இங்கே பத்திரேசுவரர் என்னும் நாமத்தோடு சிவலிங்கத்தைப் பிரதிட்டை செய்தான். அதன் பின்பு 13ஆம் நூற்றாண்டுவரை மன்னர்கள் ஒருவர்பின் ஒருவராகச் செங்கற் கோயில்களை எழுப்பினர். செங்கற்களுக்கு இடையே சாந்து கண்ணுக்குப் புலப்படாது. இவற்றுள் மிகப் பெரியதாய் விளங்கிய கோபுரம் 1969 ஆகஸ்டிலே அமெரிக்கக் குண்டுவீச்சினால் அழிந்தது. எஞ்சியவற்றை 1999இல் யுனெஸ்கோ உலக மரபுச் சின்னமாக ஏற்றது. 2020 மே மாதத்திலே, அங்கே புனருத்தாரண வேலை செய்த இந்தியத் தொல்லியல் அறிஞர்கள் ஒரே கல்லிலே செதுக்கிய சிவலிங்கமொன்றை மண்ணிலிருந்து வெளிக்கொணர்ந்தார்கள். மி சோனிலே நாம் திருநீறு அணிந்து, சிதைந்த வாயிலொன்றின் முன்பு கைகூப்பி நின்றோம். பூசையில்லை, மணியோசையில்லை, நுழைவுச்சீட்டுப் பார்க்கும் காவலர் மாத்திரமே இருந்தார்.

ஆனால், சாம் மக்கள் அழிந்துவிடவில்லை. 1832இலே அவர்களுடைய அரசு முற்றாக மறைந்தது, மக்கள் வாழ்கின்றார்கள். 2019ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பின்படி வியட்நாமிலே ஏறத்தாழ 179,000 சாம் மக்கள் உளர். அவர்களுள் பெருந்தொகையினர் தெற்கே பான் ராங் நகரைச் சூழ்ந்த வரண்ட சமவெளியிலே குடியிருக்கின்றனர். அப்பகுதி அந்நாளிலே நின் துவான் மாகாணம். 2025 ஜூலையிலே அது கான் ஹோவா மாகாணத்தோடு இணைக்கப்பட்டது. எமது பல்கலைக்கழகத்துக் கருத்தரங்கு ஒன்றுக்கு வந்திருந்த மாணவி ஒருவர் அச்சமூகத்தைச் சேர்ந்தவர். “எங்கள் வீட்டுக்கு வாருங்கள்” என்று அவர் கூறியிருந்ததை நம்பிப் புகையிரதம் ஏறினோம். இறங்கிய நிலையத்தின் பெயர் தாப் சாம். சாம் மக்களின் கோபுரம் என்பது அதன் பொருள்.

நிலையத்துக்கு அண்மையிலே வெற்றிலைக் குன்று என்று பெயர்பெற்ற சிறு குன்றொன்றின்மேல் அக்கோபுரம் நிற்கின்றது. 13ஆம் நூற்றாண்டின் முடிவிலும் 14ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலும் எழுந்த போ குலோங் கராய் கோயில் அது. வாயிலின்மேலே ஆடும் சிவபெருமான், உள்ளே நந்தி, கருவறையிலே முகலிங்கம். எளிய மாட்டிடையனாகத் தொடங்கி மன்னனாய் உயர்ந்த ஒருவரையே அந்த முகத்திலே கண்டு மக்கள் வழிபடுகின்றார்கள் என்பது ஐதிகம். உழவர்கள் நல்ல விளைவை வேண்டி நந்திக்குப் படையல் வைக்கின்றார்கள். மி சோனிலே காணாத பூவும் புகையும் இங்கே கண்டோம். எம் கண்கள் கலங்கின.

இம்மக்களிடையே இரு பகுதியினர் உளர். அகியர் எனப்படுவோர் பழைய சிவநெறியின் வழிவந்தோர், மாட்டிறைச்சி உண்ணார். அவால் அல்லது பானி எனப்படுவோர் இஸ்லாத்தின் செல்வாக்கைப் பெற்றோர், பன்றியிறைச்சி உண்ணார். ஆயினும், ஒரு பகுதியின்றி மற்றப் பகுதி நிறைவுறாது என்பது அவர்கள் கொள்கை. சில சடங்குகளிலே இரு பகுதிக் குருமாரும் சேர்ந்தே அமர்வர். வீடும் வளவும் பெண்வழியே செல்லும்; பெற்றோரின் வீடு கடைசி மகளுக்கு. தேசவழமையிலே சீதனம் பேசி வளர்ந்த எமக்கு அது விளங்கியது.

நாம் தங்கிய வீட்டின் தலைவி, மாணவியின் தாயார். அந்நியர் ஓர் இரவு தங்கினாலும் வியட்நாமிலே வீட்டுக்காரர் பொலிசாருக்கு அறிவித்துப் பதிய வேண்டும். அவ்வம்மையார் எமது கடவுச்சீட்டுகளை ஒரு துணியிலே சுற்றி எடுத்துக்கொண்டு, மதிய வெயிலிலே மகளின் மோட்டார் சைக்கிளில் ஏறிச் சென்று பதிந்துவிட்டு வந்தார். சாம் மொழியும் மலாய் மொழியும் ஒரே குடும்பத்தைச் சேர்ந்தவை. கோலாலம்பூரிலே கேட்ட “துவா”, “லிமா” என்னும் எண்கள் அவர் வாயிலும் வந்தன. எமக்கிடையே இருந்த பொதுமொழி அவ்வளவே. மிகுதியை மகள் ஆங்கிலத்தில் பெயர்த்தார்.

நாம் மரக்கறி உண்போர் என்று மகள் சொன்னதும் தாயார் சிறிது நேரம் யோசித்தார். பின்பு ஒன்றும் சொல்லாமல் வெளியே போனார். ஒரு மணித்தியாலத்தின் பின்பு புதிய மட்பானையொன்றைக் கையிலேந்தி வந்தார்.

அப்பானையைப்பற்றிச் சொல்ல வேண்டும். பான் ராங்குக்குத் தெற்கே சுமார் 10 கிலோமீற்றரில் பாவு ட்ருக் என்னும் குயவர் கிராமம் உண்டு. அங்கே பானை வனைவோர் பெண்கள். திரிகை இல்லை. பானை அசையாது நிற்க, வனைபவள் அதனைச் சுற்றிப் பின்வாக்கிலே நடந்து நடந்து கைகளால் உருவாக்குகிறாள். சூளையும் இல்லை, வெட்டவெளியிலே விறகும் வைக்கோலும் மூடிச் சுடுகிறார்கள். இக்கலை அருகிவருவதைக் கண்டு, 2022இலே யுனெஸ்கோ அதனை அவசரமாகப் பேண வேண்டிய மரபுகளின் பட்டியலிற் சேர்த்தது. அக்கிராமத்துப் பானை அது.

“வீட்டிலே பானைகள் இருக்கின்றனவே, ஏன் வாங்கினீர்கள்?” என்று கேட்டோம். அவர் சொன்ன விடையை மகள் பெயர்த்தார்: “எங்கள் பானைகளிலே ஆட்டிறைச்சியும் மீனும் சமைத்திருக்கிறோம். நீங்கள் கேட்கவில்லை, கேட்கக் கூச்சப்படுவீர்கள் என்று நினைத்தேன்.” அப்பானையிலே சோறு பொங்கினார், வள்ளற்கீரை அவித்தார், எள்ளும் உப்பும் இடித்துத் தந்தார். நாமிருவரும் அந்த ஒரு பானையிலிருந்து உண்டோம்.

அன்றிரவு பாயிலே படுத்திருக்கும்போது நண்பர் இருட்டிலே பேசினார். அவர் சொன்னதைச் சொன்னபடியே சொல்லுகின்றோம்: “மச்சான், தனிப் பாத்திரம் எண்டால் எனக்குப் பழக்கந்தான். மரியாதைக்கெண்டு வாங்கின தனிப் பாத்திரத்தை இண்டைக்குத்தான் கண்டனான்.”

அன்பர்களே, இதனை விளக்க வேண்டிய கடமை எமக்குண்டு. நண்பர் எமது வீட்டுக்கு எத்தனையோ முறை வந்திருக்கின்றார். முன் விறாந்தையிலே கதிரையில் இருப்பார்; தேநீர் வரும். எமக்குக் கண்ணாடிக் கிளாஸ்; அவருக்கு எப்போதும் நீலக்கரையிட்ட ஓர் எனாமல் கோப்பை. அது அடுக்களைக்குள்ளே வருவதில்லை. கிணற்றடியிலே கழுவிப் பின்தாழ்வாரத்திலே கொளுவி வைக்கப்படும். எட்டு ஆண்டுகளாக நாம் அதனைக் கண்டுகொண்டுதான் இருந்தோம். அதன் பொருளை அறியோம் என்று இச்சபையிலே கூறினால் அது பொய்யாகும். பாடசாலையிலே ஒரே வாங்கு, ஒரே மேசை என்று பழகினோம். வீட்டுப் படலையைத் திறக்கும்போது அப்பழக்கத்தைப் புத்தகப் பையோடு வெளியே வைத்தோம்.

1920களிலே இந்நாட்டு வாலிபர்கள் சமபந்திப் போசனத்துக்காகக் குரல் எழுப்பினார்கள். 1957ஆம் ஆண்டிலே, கோயிலிலும் தேநீர்க்கடையிலும் சாதி காரணமாக ஒருவரைத் தடுப்பது குற்றம் என்று சட்டம் வந்தது. சட்டம் கடை வாசல்வரை போகும், அடுக்களைக்குள்ளே போகாது. அங்கே போக வேண்டியவர்கள் நாமே.

ஊர் திரும்பிய மூன்றாம் நாள் நண்பரை மதிய போசனத்துக்கு அழைத்தோம். முன்னதாகவே தாயாரிடம் எல்லாவற்றையும் கூறினோம். அவர் பதில் சொல்லவில்லை. ஆனால், அன்று உள்ளே இரு வாழையிலைகளை அருகருகே விரித்துத் தம் கையாலே சோறு படைத்தார். பாட்டியார் தமது அறையைவிட்டு வெளியே வரவில்லை. எனாமல் கோப்பை தாழ்வாரத்திலே இப்போது இல்லை. பாட்டியார் எம்மோடு முன்போலப் பேசுவதும் இல்லை. அவர் மனம் நோவது எமக்கும் நோவே. ஆயினும், மீண்டும் அக்கோப்பையைக் கொளுவ எம்மால் ஆகாது.

இளையான்குடி மாறநாயனாரின் குருபூசையை இச்சங்கம் ஆண்டுதோறும் சிறப்பிக்கின்றது. மழையிரவிலே வந்த அடியவருக்காக, அன்று விதைத்த நெல்லை வாரி வந்து அமுதாக்கியவர் அவர். வாசலிலே வந்து நின்றவரின் குலம் எது, கோயிலடி எது என்று அவர் விசாரித்ததாகப் புராணம் சொல்லவில்லை. ஆகவே, இரண்டு வேண்டுகோள்களைப் பணிவோடு முன்வைக்கின்றோம். முதலாவது: வருகின்ற குருபூசையின் அன்னதானத்திலே ஊரின் எல்லாக் குறிச்சியாரையும் அழைத்து, ஒரே பந்தியில் அமர்த்துவோம், பரிமாறுவோரும் எல்லாக் குறிச்சியிலிருந்தும் வரட்டும். இரண்டாவது: வழிப்போக்கராய் வரும் மாணவர்களுக்கு ஓரிரவு இடமளிக்க விரும்பும் அங்கத்தவர்களின் பெயர்களை எழுதிவைக்க ஒரு கொப்பியைத் திறப்போம். முதற் பெயராக எமது வீட்டை எழுதத் தாயார் சம்மதம் தந்துவிட்டார்.

பான் ராங்கிலிருந்து புறப்படும் அன்று அவ்வம்மையார் அந்தப் பானையை எம்மிடமே கொடுக்க வந்தார். முதுகுப்பையிலே உடைந்துவிடும் என்று அஞ்சி, அங்கேயே வைத்துவிட்டு வந்தோம். அடுத்து வருகின்ற மரக்கறிக்காரருக்கு அது உதவும் என்று அவர் சிரித்தார்.

எம் சொற்களிலே குற்றமிருப்பின் பெரியோர்கள் மன்னிப்பார்களாக. உண்மையிருப்பின் இளைஞர்கள் ஏற்பார்களாக.