உடைந்த கல்லும் ஒட்டும் பசையும்

கல் என்றாலே என்றும் நிலைத்திருப்பது என்று மக்கள் எண்ணுகின்றனர். அரசர் தம் ஆணையைப் பொறிக்கக் கல்லைத் தேடினர். சிற்பிகள் தெய்வத் திருமேனி வடிக்கவும் கல்லையே தேடினர். ஆயினும் மேசையிலிருந்து தவறி விழும் கல் யானையின் துதிக்கை, மரத்துண்டைக் காட்டிலும் எளிதில் முறிந்துவிடுகிறது. கல் பெருஞ்சுமையைத் தாங்கும், வளைந்து கொடுக்காது. ஆதலின் திடீர் அதிர்ச்சியை அதனால் தாங்க இயலாது. செதுக்கு வேலை எங்கே நுண்ணியதோ அங்கேதான் முறிவும் நேர்கிறது.

பதுளை, பசறை, பண்டாரவளை, ஹப்புத்தளை ஆகிய ஊர்களைச் சூழ்ந்துள்ள தோட்டங்களில் வாழும் குடும்பங்கள் பல, காப்பிக் காலத்திலும் பின்னர் தேயிலைக் காலத்திலும் தமிழகத்திலிருந்து வந்து மலையேறியவர்களின் வழித்தோன்றல்கள். 1964ஆம் ஆண்டின் சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தத்தின் பின், அக்குடும்பங்களில் பல கடலின் இரு கரைகளிலுமாகப் பிரிந்தன. அவ்வாறு பிரிந்த ஓர் இல்லத்தில் பாட்டன் விட்டுச்சென்ற கல் விளக்கோ, மாக்கல் யானையோ எஞ்சியிருக்குமாயின், அதன் மதிப்பைக் கடைவிலை கொண்டு அளக்க இயலாது. அது உடைவது முதல் விபத்து. கையில் அகப்பட்ட பசையை எடுத்து அவசரமாக ஒட்டுவது இரண்டாவது விபத்து. முதலாவதைத் திருத்தலாம், இரண்டாவதைத் திருத்துவது கடினம்.

பசை வாங்கச் செல்பவர், எது மிக வலிமையானது என்று கேட்பது இயல்பு. நூதனசாலைகளில் பணிபுரியும் வல்லுநரோ, எதை மீண்டும் கழற்ற இயலும் என்று முதலில் கேட்கின்றனர். 2002ஆம் ஆண்டு ஒக்டோபர் மாதத்தில், நியூயோர்க் நகரின் மெற்றோபொலிற்றன் நூதனசாலையில், துல்லியோ லொம்பார்தோ என்னும் வெனிஸ் நகரச் சிற்பி 15ஆம் நூற்றாண்டின் இறுதியில் வடித்த ஆதாம் சிலை பீடம் சரிந்து வீழ்ந்தது. சலவைக்கல்லாலான அச்சிலை 28 பெரிய துண்டுகளாகவும் நூற்றுக்கணக்கான சில்லுகளாகவும் சிதறியது. அதனைச் சீராக்கி மீண்டும் காட்சிக்கு வைக்க 12 ஆண்டுகள் சென்றன. கரைப்பானால் மீண்டும் இளக்கக்கூடிய அக்ரிலிக் பிசினையே வல்லுநர் தேர்ந்தெடுத்தனர். எடை மிகுந்த மூன்று மூட்டுகளில் மட்டும் கண்ணாடி இழையாலான ஆணிகளை இட்டனர்.

இதன் காரணம் எளிது. பசை கல்லைவிட வலியதாயின், அடுத்த அடி விழும்போது கல் புதிய இடத்தில் உடையும். பசை சற்று மெலியதாயின், பழைய மூட்டே விலகும், கல் பிழைக்கும். இரும்பு ஆணி செருகுவதும் தீது. ஈரம் பட்ட இரும்பு துருப்பிடித்துப் பருத்து, கல்லை உள்ளிருந்தே பிளக்கும். ஏதென்சு நகரின் பார்த்தினன் கோயிலில் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இடப்பட்ட இரும்புப் பிணைப்புகள் சலவைக்கல்லை இவ்வாறே வெடிக்கச் செய்தன. மூடுபனி படியும் ஊவா மலைகளில் இவ்வெச்சரிக்கை இன்னும் பொருந்தும்.

இந்த அறிவு தமிழருக்குப் புதியதன்று. கோயிலில் திருமேனியைப் பீடத்தில் பொருத்த இடும் அட்டபந்தனம், கொம்பரக்கு, குங்கிலியம், தேன்மெழுகு, காவிக்கல், வெண்ணெய் முதலிய எட்டுப் பொருள்களை இடித்துச் சேர்த்த மருந்து. காலப்போக்கில் அது தளரும். 12 ஆண்டுக்கு ஒருமுறை குடமுழுக்கின்போது பழையதை அகற்றிப் புதியதைச் சாத்துவது மரபு. மருந்து மாறும், திருமேனி மாறாது. நல்ல ஒட்டுவேலையின் இலக்கணம் அதுவே.

இல்லத்தில் இப்பணியைச் செய்ய முற்படுவோர், முதலில் கடுகளவுச் சில்லையும் விடாமல் பொறுக்கி ஒரு காகித உறையில் இடவேண்டும். முறிந்த முகங்களை ஒன்றோடொன்று உரசிப் பார்த்தலாகாது. விளிம்பு மணிகள் உதிர்ந்தால் மூட்டில் இடைவெளி தோன்றும். விளக்காயின் எண்ணெய் ஊறியிருக்கும்; அதன்மேல் பசை பற்றாது. அசற்றோன் தோய்த்த பஞ்சினால் பலமுறை துடைக்கவேண்டும். அசற்றோன் விரைந்து தீப்பற்றும் திரவம். அடுப்பெரியும் லயத்து அறையில் அதனைத் திறத்தல் கூடாது. வெளி முற்றமே தக்க இடம். பித்தளை துலக்கும் பழக்கத்தில் தேசிக்காய்ச் சாற்றையோ புளியையோ சலவைக்கல்லில் இடலாகாது. அமிலம் அக்கல்லை அரிக்கும். துடைத்த துண்டுகளைச் சில நாட்கள் உலரவிடவேண்டும். ஐப்பசி முதல் தை வரை மழை பெய்யும் பதுளைப் பகுதியில் இன்னும் சில நாட்கள் பொறுத்தல் நன்று.

அடுத்துப் பசையின்றியே துண்டுகளைப் பொருத்திப் பார்த்து, எது முன், எது பின் என்று வரிசை குறித்துக்கொள்ளவேண்டும். வரிசை பிழைத்தால் கடைசித் துண்டுக்கு நுழைய இடமிராது. சிறு பொருளுக்கு அக்ரிலிக் பிசின் போதும். எடை மிகுந்து எபொக்சிப் பசை இன்றியமையாததாயின், இரு முகங்களிலும் அக்ரிலிக் பிசினை மெல்லப் பூசி உலரவிட்டு, அதன்மேல் எபொக்சியை இடுவது வல்லுநர் வழக்கம். பின்னாளில் மூட்டைப் பிரிக்க அவ்வடிப்பூச்சு வழி செய்யும். எதுவாயினும் மெல்லிய பூச்சே தேவை. விளிம்பு வரை நிரப்ப வேண்டுவதில்லை.

ஒட்டிய பொருளைக் கையால் பிடித்துக்கொண்டிருத்தல் பயன்தராது. ஒரு பெட்டியில் உலர்ந்த மணலை நிரப்பி, மேல்துண்டின் எடை மூட்டின்மேல் நேராக இறங்கும்படி அதில் புதைத்து நிறுத்தவேண்டும். குளிர் மிகுந்த ஹப்புத்தளை போன்ற இடங்களில் எபொக்சி மெதுவாகவே இறுகும். இரண்டு மூன்று நாட்கள் தொடாதிருத்தல் நலம். பிதுங்கிய பசையை அது முற்றும் இறுகுமுன் கூரிய அலகால் நீக்கலாம். மூட்டை மறைக்கும் பொருட்டுக் கல்லை அரத்தால் தேய்த்தல் கூடாது. எப்பசை, எந்நாள் என ஒரு சீட்டில் எழுதிப் பொருளுடன் வைத்தால், பின்வரும் தலைமுறைக்கு உதவும்.

சில பொருள்களை ஒட்டாதிருப்பதே முறை. உணவு அரைக்கும் அம்மிக்குப் பசை ஆகாது. பூசையில் வைத்த திருமேனி பின்னமாயின் அதைக் குருக்களிடம் கேட்டு நடத்தல் மரபு. நிலத்தைக் கொத்தும்போது பழஞ்சிற்பம் வெளிப்படுமாயின், 1940ஆம் ஆண்டின் தொல்பொருட் கட்டளைச் சட்டத்துக்கிணங்கத் தொல்பொருள் திணைக்களத்துக்கு அறிவிப்பதே கடமை. ஊவாவின் மொனராகலை மாவட்டத்தில் மாளிகாவில என்னுமிடத்தில், 7ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த, ஏறத்தாழ 11 மீட்டர் உயரமுள்ள புத்தர் சிலை உடைந்து வீழ்ந்து காட்டில் நெடுங்காலம் கிடந்தது. 1990ஆம் ஆண்டுகளின் தொடக்கத்தில் அது மீண்டும் நிமிர்த்தப்பட்டது. அதன் துண்டுகள் கிடைத்தமையாலன்றோ அது கைகூடிற்று.

ஆகவே, உடைந்த கல்லை உடனே ஒட்ட இயலாவிடினும் குறையில்லை. துண்டுகளைத் துணியில் பொதிந்து ஓர் உலர்ந்த பெட்டியில் வைத்தால், கல் எத்தனை ஆண்டும் காத்திருக்கும்.